ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஒரு மதிப்பீடு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே நடப்பது ஒன்றிரண்டு மணி நேர வேலை. மிச்சம் ஆயுள் முழுக்க.

பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையைக் காட்டும் எண்) 35-ஐத் தொட்டாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், பரிந்துரைக்கலாம் என்கிறது 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 1991-இல் அந்த வரம்பு 40. ஆசியர்களுக்கு இப்போது 27.5.

இரண்டு முறைகளில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும்; அதனால்தான் முதல் மாதங்களில் பசியே தெரியாது. வாய் வழியே 12, 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை இறக்கி, அதை அளவுகோலாக வைத்து ஸ்டேப்ளர் போடுவார்கள். நடுவில் கொஞ்சம் இறுக்கிவிட்டால் உள்ளழுத்தம் மேலே ஏறும். உணவுக்குழாய் சேரும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. தையல் பிரிந்து கசிவதும் பெரும்பாலும் அங்கேதான். நாடித்துடிப்பு 120-க்கு மேல், காய்ச்சல், இடது தோள்பட்டையில் வலி எல்லாம் அந்தக் கசிவின் அறிகுறி: இதை வாயுப்பிடிப்பு என்று நினைத்து வீட்டில் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கவே கூடாது. அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டும். அவருக்கு இரைப்பை பைபாஸ்தான் எங்கள் தேர்வு. இதில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் விட்டு, சிறுகுடலை நேராக அதில் இணைக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் நல்ல பலன். ஆனால் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். சிகரெட்டும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். அறவே விட வேண்டும்.

எந்த முறையானாலும் தினம் 60 கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது. பி12, இரும்புச்சத்து, கால்சியம் சிட்ரேட் 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, வைட்டமின் டி ஆகியவையும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது தொடர் வாந்தி. உடம்பில் வைட்டமின் பி1 இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம்: கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். குளுக்கோஸுக்கு முன்பே பி1 ஊசி போட வேண்டும். பக்கத்து கிளினிக்குக்குப் போக நேர்ந்தாலும் என்ன ஆபரேஷன் நடந்தது என்று சொல்லி, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் பேக்கேஜைப் பிரித்துப் பாருங்கள். 3, 6, 12-ஆம் மாத ரத்தப் பரிசோதனைகள், உணவியல் நிபுணரின் ஆலோசனை, டிஸ்சார்ஜுக்குப் பிறகு நள்ளிரவில் படபடத்தால் எடுத்துப் பேச ஒரு டாக்டரின் நம்பர்: இவை இல்லாத இடத்தில் எவ்வளவு சலுகை கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.