நீதிமானின் இரு சித்திரங்கள்: 15-ஆம் சங்கீதமும் 112-ஆம் சங்கீதமும்

கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத் தகுந்தவன் யார் என்று கேட்டுத் தொடங்கும், வேதாகமத்தின் 15-ஆம் சங்கீதம் (துதிப்பாடல்), புறங்கூறாமை, வட்டி வாங்காமை, குற்றமற்றவனுக்கு விரோதமாக லஞ்சம் பெறாமை என்று பெரும்பாலும் விலக்க வேண்டியவற்றைக் கொண்டே நீதிமானை அளக்கிறது. அவற்றுள் என் மனத்தை மிகவும் தொடுவது, ஆணையிட்டதில் தனக்கே நஷ்டம் வந்தாலும் பின்வாங்காத உறுதி. தெய்வபயம் உண்மையில் சோதிக்கப்படும் இடம் அதுதான். எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துகளிலும் வரிசையாக அடிகளைத் தொடங்கும் 112-ஆம் சங்கீதமோ, கர்த்தருக்குப் பயப்படுகிறவனின் கொடையை முன்னிறுத்துகிறது: அவன் இரங்கிக் கடன் கொடுக்கிறான், ஏழைகளுக்கு வாரி வழங்குகிறான், கெட்ட செய்தி வந்தாலும் கலங்குவதில்லை. அவன் வீட்டில் செல்வம் இருக்கும் என்றும் அது சொல்கிறது. முந்தையதில் அப்படியொரு வாக்கு இல்லை. ஆயினும் முதலில் வாசிக்க வேண்டியது 15-ஆம் சங்கீதமே என்பேன். ஏனெனில், 112 புகழ்கிற கடனுக்கு வட்டி கூடாது என்னும் வரம்பை வெளிப்படையாக விதிப்பது அதுவே.