லாக் நட்டா, வீல் கிளாம்ப்பா: தெருவில் நிற்கும் காருக்கு எது?

பெங்களூரு அல்சூர் சந்துகளில் ராத்திரி முழுக்கத் தெருவிலேயே கார் நிற்கிறதா? சக்கரத்தைத் திருடர்கள் கழற்றிப் போகாமலிருக்க, அலாய் வீல் இருந்தால் லாக் நட்டுக்கே எங்கள் ஓட்டு. சாதா நட்டு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுவது இது: சக்கரத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு. சாதா ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காது. கூட வரும் சாவி சாக்கெட்டால்தான் கழலும்.

வாங்கும்போது மரை அளவைப் பாருங்கள். 12 மி.மீ. நட்டிலேயே 1.25, 1.5 மி.மீ. என இரண்டு பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) உண்டு. மாற்றிப் போட்டால் போல்ட் மரை போச்சு. நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா என்பதும் வீலோடு ஒத்துப்போக வேண்டும். மலிவு நட்டின் மேல் திருடர்கள் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிக் கழற்றிவிடுவார்கள். வெளிவளையம் தனியாகச் சுழலும் வகை நட்டில் அது லேசில் பலிக்காது. நட்டை வேகமாகத் தட்டி முறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டாம், சாவியின் பல் உடையும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். சாவி காரிலேயே இருக்கட்டும், ஆனால் கண்ணில் படாத இடத்தில். பஞ்சர் கடையில் மறந்துவிட்டு வருவதுதான் வழக்கமான கூத்து!

சக்கரத்தைக் கவ்விப் பூட்டும் கிளாம்ப் பளிச்சென்று தெரியும், காரையே ஓட்டிப்போவதைத் தாமதப்படுத்தும். ஆனால் காப்பது ஒரு சக்கரத்தை. மற்ற மூன்றும் ஜாக்கி வைத்தால் போச்சு. காலை அவசரத்தில் மறந்து வண்டியை எடுத்தால் ஃபெண்டர் நசுங்கும். ஊருக்குப் போய் வாரக்கணக்கில் நிறுத்தினால் இரண்டையும் போடலாம்.

எர்டிகா மாதிரி வண்டியில் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு இரண்டுமே உதவாது. அதற்குத் தனிப் பூட்டு வேண்டும்.