பழைய கேம்பர் வேன்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, உடைக்கக் கொடுப்பதா?

டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று செய்தி வந்தால் போதும். பழைய டெம்போ டிராவலருக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேம்பராக ஓட்டுகிற சேலத்துக்காரர்கள், ‘வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பயத்தில் விற்கிற வண்டிக்கு நல்ல விலை கிடைக்காது. அதனால் முதலில் அந்தப் பயத்தை அளந்து பார்ப்போம், அப்புறம் வழிகளை ஒப்பிடலாம்.

டெல்லி விதி இதுதான். 10 வருடம் கடந்த டீசல் வண்டியும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தளர்த்தியது. அதே வருடம் டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தரம்; எண் கூடக் கூடப் புகை குறைவு)-க்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்குத்தான் என்று சுருக்கிவிட்டது. லண்டனில் கணக்கு வேறு. யூலெஸ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் தடை இல்லை, கட்டணம்தான். யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்குக் குறைந்த டீசல் வேன் உள்ளே வந்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க அந்த மண்டலம்தான். வயதைப் பார்ப்பது ஒரு முறை, புகைத் தரத்தைப் பார்ப்பது இன்னொரு முறை. டெல்லி இப்போது இரண்டையும் கலந்து பார்க்கிறது.

சேலத்தில் இந்த இரண்டுமே இல்லை. தமிழ்நாட்டு மலைகளில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது. அது கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்தது. வண்டி எந்த வருடத்து மாடல் என்று பார்ப்பதற்காக அல்ல. தென்னாட்டில் ஒரு முயற்சி நடந்ததை மட்டும் மறக்க வேண்டாம். 2016 மே மாதம் கேரளத்தின் ஆறு நகரங்களில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளை நிறுத்தச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஆக, வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் வராத ஒன்றை நினைத்து இன்றைக்கே வண்டியைத் தொலைக்கவும் வேண்டியதில்லை. இங்கே நம் வண்டிக்குக் கெடு வைப்பது ஆர்.சி.யில் இருக்கிற தேதி.

பேச வசதியாக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: 2010 மாடல் டிராவலர், டீசல், சொந்த உபயோகப் பதிவு, வெள்ளை போர்டு. அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் பி.எஸ்.3 2005-லேயே வந்துவிட்டது. சேலம் போன்ற ஊர்களுக்கு 2010-இல்தான் வந்தது. ஆகவே 2008, 2009-இல் சேலத்தில் பதிவான வண்டி பி.எஸ்.2 ஆகவும் இருக்கலாம். ஆர்.சி.யை எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

முதல் வழி, அப்படியே வைத்துக்கொள்வது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அது முடியும் முன் 60 நாளுக்குள் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 15 வருடம் கடந்த இலகு ரக வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் கடந்துவிட்டால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. இதோடு பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால்கூட ஐந்து வருடத்துக்கு இது பெரிய தொகை இல்லை. புது வண்டிக்கு ஒரு வருடம் கட்டுகிற இன்சூரன்ஸ் இதைத் தாண்டிவிடும்.

பணம் போகிற இடம் பட்டறை. அதிலும் எங்கே போகிறது என்பதில் ஆட்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் கவலை என்ஜின். அந்தப் பழைய டிராவலர் என்ஜின் பென்ஸின் ஓஎம்616 வழியில் வந்தது. ரிங் பிஸ்டன், நாசில், பம்ப் என்று எது போனாலும் செய்துகொடுக்க சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கம் கைகள் இருக்கின்றன. லாரித் தொழில் ஊறின வட்டாரம் இது. உண்மையில் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் மேஸ்திரி ஒருவர் இப்படி ஒரு வேனைப் பார்த்ததை அருகே நின்று கவனித்தேன். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பக்கவாட்டுப் படிக்கட்டு ஓரமாகச் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. முனையை வைத்து அழுத்தினார், செதில் செதிலாகக் கொட்டியது. “அண்ணா, என்ஜின் இன்னும் பத்து வருஷம் ஓடுமுங்க. அதைத் தூக்கிட்டு ஓட இது இருக்கணுமில்ல?” என்றார்.

கேம்பருக்கே உள்ள வியாதி அது. சிங்க் தண்ணீர், குளியல் தண்ணீர், குளிர்பெட்டியிலிருந்து சொட்டுவது, எல்லாம் தரைப் பலகைக்கு அடியில் இறங்கி யார் கண்ணிலும் படாமல் துரு பிடிக்க வைக்கும். சேசிஸ் கெட்டியாக இருந்தால் இந்த முதல் வழிதான் என் தேர்வு. கெட்டுப்போயிருந்தால் மற்ற எந்தச் செலவும் வீண்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அனுமதித்த அளவு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு); பி.எஸ்.4-க்கு அது 50. இந்தச் சோதனையைச் சேலத்துச் சமவெளியில், சுமை இல்லாமல் நிறுத்திவைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துச் செய்கிறார்கள். அதில் தேறின வண்டி ஏற்காடு அடிவாரம் தாண்டி ஐந்தாறு வளைவு ஏறியதும் கரும்புகை கக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றைவிட அங்கே அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்குள் காற்று குறையும், ஊற்றுகிற டீசல் அதே அளவு, மிச்சம் கரியாக வெளியே வரும். இழுவை வேண்டும் என்று டீசல் பம்பைக் கூட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம். பம்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றிக் கம்பெனி அளவுக்குக் குறைத்து, நாசில் மாற்றினால் பாதிப் புகை அடங்கிவிடும். ஏறும்போது கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். காப்பித் தோட்டத்துக்கு நடுவே படுத்துத் தூங்கத்தானே போகிறோம், என்ன அவசரம்?

இரண்டாவது வழி, எரிபொருளை மாற்றுவது. சி.என்.ஜி. என்றதும் சுலபமாகத் தோன்றும். பெட்ரோல் வண்டிக்கு அது சுலபம்தான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தத்தில் தானாக எரிகிற அமைப்பு. அதை எரிவாயுவுக்குக் கொண்டுவர ஹெட்டை, பிஸ்டனை எல்லாம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு என்ஜினே வைக்க வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும். இவ்வளவும் செய்தபின் சிலிண்டர்கள் எங்கே போகும்? கட்டிலுக்கு அடியில், துணிமணியும் பாத்திரமும் வைக்கிற அதே இடத்தில். எடையும் கூடும், மலையில் இழுவையும் குறையும். மின்சார மாற்றம் இந்த அளவு வேனுக்கு இன்று கட்டுப்படியாகாது. வண்டியின் விலையைவிட பேட்டரியின் விலை அதிகம். சேலத்துக்காரர் இந்த இரண்டிலும் பணம் போடக் காரணமே இல்லை என்பேன். டெல்லியில் இருக்கிறவர் வேறு மாதிரி யோசிக்கலாம்.

மூன்றாவது, உடைக்கக் கொடுத்துவிட்டுப் பி.எஸ்.6 வாங்குவது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள். அதைக் காட்டி வாங்கும் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்த உபயோக வண்டி என்றால் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. புகை விஷயத்தில் புது வண்டிக்குப் பக்கத்தில்கூடப் பழையது வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வடக்கே வண்டியோடு சுற்றுகிற எண்ணம் இருந்தால் இதுதான் வழி. டெல்லியில் காற்று கெட்டு மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால் பி.எஸ்.4 டீசலுக்கே தடை, பி.எஸ்.3-ஐ நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஆனால் பி.எஸ்.6 டீசல் தினமும் ஓட வேண்டிய வண்டி. சைலன்ஸர் குழாயில் இருக்கிற கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் சூடாக நீண்ட நேரம் ஓட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போய்வந்து, மீதி நாள் வாசலில் நிற்கிற வேனுக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். யூரியாக் கரைசல் ஊற்றுகிற வகை என்றால் சேலத்து வெயிலில் நின்றே அது கெடும். வாங்குகிறவர்கள் நாமக்கல் போய்வருவதையாவது வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, ‘பழங்கால வண்டி’ என்று பதிந்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஜெர்மனியில் 30 வயதான வண்டிக்கு எச் எழுத்துப் பலகை வாங்கினால் புகை மண்டலத்துக்குள் தாராளமாகப் போகலாம். லண்டனில் 40 வயதானால் கட்டணம் இல்லை. அங்கே பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்கள் பிழைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. நம் நாட்டில் 2021 விதிப்படி 50 வயதாக வேண்டும், 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அப்புறமும் கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்குக் கிடையாது. டிராவலர் வேன் சந்தைக்கு வந்ததே 1987-இல்தான். 2037 வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் சொன்னது வெள்ளை போர்டுக்கு. மஞ்சள் போர்டாகவே ஓடுகிற பழைய வேனுக்குக் கணக்கு மாறும். எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று; அதற்கு முன் டிங்கரிங், பெயிண்டிங், பிரேக் லைனிங் என்று ஒவ்வொரு முறையும் செலவு. சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்று ஒரு வகை பதிவிலேயே இருக்கிறது. உள்ளே படுக்கை போட்டிருந்தும் ஆர்.சி.யில் ஆள் ஏற்றும் வண்டி என்று இருந்தால் அதை முதலில் நேராக்குங்கள். வண்டியின் அடிப்படை அமைப்பைக் கம்பெனிச் சான்றுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டதால், கூரையை வெட்டி உயர்த்தின வண்டிகளுக்குச் சிக்கல் வரும். கழற்றக்கூடிய கட்டிலும் அலமாரியும் வைத்தவர்களுக்கு அந்தத் தலைவலி குறைவு.

புதுப்பிப்பதாக முடிவெடுத்தால் முதல் செலவைப் பிரேக்கில் போடுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவர்கள் சும்மா சொல்வதில்லை; தண்ணீரும் சாமானும் ஏற்றின வேன் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கீழே வருவதற்குள் லைனிங் கருகும் வாடை வண்டிக்குள்ளேயே வரும். ஒருவேளை மேஸ்திரி சேசிஸ் தேறாது என்று சொல்லி, உடைக்கக் கொடுப்பதாக ஆகிவிட்டால், சோலார் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மெத்தை எல்லாவற்றையும் முன்பே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்பை எடை போட்டுத்தான் காசு தருவார்கள்.