16 பருவங்கள், ஒரே தோட்டா: 7எம்எம்-08 உடன் என் மான் வேட்டை அனுபவம்

மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது 7எம்எம்-08 ரெமிங்டன். 16 பருவங்களாக அதைத்தான் சுடுகிறேன். அதற்கு முன்னால் மூன்று பருவம் .30-06, இரண்டு பருவம் .243 என்று வேறு இரண்டு வகைத் தோட்டாக்கள். இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். உரிமத்தோடு, பருவகாலத்தில், சட்டப்படி வேட்டையாடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு மானுக்கும் அதில் நாலு விஷயம் எழுதுவேன்: எவ்வளவு தூரம், மான் எந்தக் கோணத்தில் நின்றது, குண்டு எங்கே பட்டது, பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடியது. இங்கே நான் சொல்வதில் பாதி அந்தக் குறிப்பேட்டிலிருந்து வருவதுதான். நான் வேட்டையாடும் மான்கள் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். அதிகபட்சம் சுட்டது 236 மீட்டரில். பாதிக்கு மேல் 120 மீட்டருக்குள்தான்.

முதல் துப்பாக்கியை .30-06 ஆக வாங்கியதற்கு ஒரே காரணம், எல்லோரும் அதைச் சொன்னார்கள். 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. பெயரில் இருக்கும் 06 அந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. எலியிலிருந்து எல்க் என்ற பெரிய மான் வரைக்கும் அடிக்கலாம் என்பார்கள், அதில் பொய்யில்லை. தோட்டாவில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் துப்பாக்கி எடை குறைவானது, நானும் அப்போது புதுசு. சுடும் தளத்தில் 20 தோட்டா சுட்டால் மறுநாள் தோள் கன்றிப் போயிருக்கும். அதனால் பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன். பருவம் தொடங்குவதற்கு முன் ஆறு தோட்டா சுட்டு ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் பொருத்திய குறிநோக்கியைச் சரிபார்ப்பேன், அவ்வளவுதான்.

மூன்றாவது பருவத்தில் அது நடந்தது. 90 மீட்டர், பக்கவாட்டில் நின்ற கிடா. காற்றில்லை, துப்பாக்கி மரக்கிளையில் தாங்கலாக இருந்தது. இதைவிட எளிதான வாய்ப்பு கிடைக்காது. சுட்டேன். மான் முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெதுவாக மரங்களுக்குள் நடந்து போனது. அப்படிக் கூன் போட்டால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மான் நின்ற இடத்தில் போய்ப் பார்த்தேன். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். அங்கே இருந்தது பச்சை கலந்த கொஞ்சம் ஈரமும், மென்ற புல்லின் துணுக்குகளும். விரலில் தொட்டு முகர்ந்தபோதே வயிறு கலங்கியது.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அன்று ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தேடிப் போய் 200 மீட்டர் தள்ளி ஒரு புதரடியில் கண்டுபிடித்தேன். உயிர் போயிருந்தது. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் சாதாரணமாகத் திருப்ப முடியாது.

என்னோடு வேட்டைக்கு வரும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் மறு வாரமே என்னைச் சுடும் தளத்துக்குக் கூட்டிப் போனார். “நான் தோட்டா போட்டுத் தர்றேன் தம்பி, நீ சுடு” என்றார். மேகசினில் எது இருக்கிறது என்று என்னைப் பார்க்க விடவில்லை. இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை ட்ரிக்கரை இழுத்தேன், க்ளிக் என்று மட்டும் சத்தம் வந்தது. வெடிமருந்தில்லாத டம்மி தோட்டா. வெடிக்காத துப்பாக்கியின் குழல் முனை நாலு விரல் கீழே இறங்கியதை நானே பார்த்தேன். தோள் முன்னால் தள்ளியிருந்தது, கண் மூடியிருந்தது. “மானைச் சுட்டப்பவும் இதைத்தான் செஞ்சிருப்ப” என்றார் அண்ணன். வேறெதுவும் சொல்லவில்லை.

சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளும் உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே சுருங்குகிற இந்தப் பழக்கத்தைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. வெடிச்சத்தமும் உதையும் சேர்ந்து அதை மறைத்துவிடும். டம்மி தோட்டா மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் எந்தத் தோட்டா பயன்படுத்தினாலும் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்.

அண்ணனே தன்னிடமிருந்த .243 வின்செஸ்டரை இரவல் கொடுத்தார். 1955-ல் வந்த தோட்டா. .308 வின்செஸ்டர் என்ற இன்னொரு தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து அதன் கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்றபடி சுருக்கினால் .243. உதை பாதிதான். ஒரே கோடையில் 300 தோட்டாவுக்கு மேல் சுட்டேன், கண் மூடும் பழக்கம் போனது. இரண்டு பருவத்தில் நாலு மான். மூன்று அருமையாக விழுந்தன. நாலாவது கொஞ்சம் என் பக்கமாகத் திரும்பி நின்றது. 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் குண்டு முன்சப்பை எலும்பில் பட்டு உள்ளே போனது, மறுபக்கம் வெளியே வரவில்லை. வெளியே வரும் துளை இல்லாவிட்டால் தரையில் ரத்தமும் அதிகம் சிந்தாது. 70 மீட்டர்தான் ஓடியிருந்தது, ஆனால் இருட்டில் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. .243 மானுக்குப் போதும். ஆனால் கோணம் கொஞ்சம் சரியில்லையென்றாலும் சுடாமல் விட்டுவிடும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அப்போது எனக்கு முழுசாக இல்லை.

சரி, 7எம்எம்-08 விஷயத்துக்கு வருகிறேன். இதுவும் .308 உறைதான், கழுத்து 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கப்பட்டது. ரெமிங்டன் நிறுவனம் 1980-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான் பெரும்பாலும் சுட்டது 140 கிரெய்ன், ஒன்பது கிராம் குண்டு. குழலை விட்டு நொடிக்கு 850 மீட்டர் சுமாருக்குக் கிளம்புகிறது. .30-06-ல் 150 கிரெய்ன் குண்டு இதைவிட 30, 40 மீட்டர்தான் வேகம் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக .30-06 நிறைய மருந்து எரிக்கிறது, தோளும் அதற்கேற்ப வாங்கிக்கட்டிக்கொள்கிறது. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் இரண்டையும் வைத்துச் சுட்டால் 7எம்எம்-08-ன் உதை நன்றாகவே குறைவு.

அப்படியானால் குண்டு என்ன ஆகிறது? மான் சாவது சத்தத்தாலோ, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆற்றல் கணக்காலோ இல்லை. இரண்டு நுரையீரலிலும் அகலமான துளை விழ வேண்டும். விழுந்தால் மூளைக்கு ரத்தம் போவது நின்று சில நொடிகளில் மான் சாய்ந்துவிடும். அந்தச் சில நொடிகளில் அது 50, 60 மீட்டர் ஓடவும் செய்யும். 7 மில்லிமீட்டர் குண்டு அதன் தடிப்புக்கு நல்ல நீளம். அதனால் நேராக, ஆழமாகப் போகிறது. என் குறிப்பேட்டில் 7எம்எம்-08 மான்கள் 31. அதில் 27-ல் குண்டு மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே விழுந்தவை ஒன்பது. மற்றவற்றில் 80 மீட்டருக்கு மேல் ஓடியது ஒன்றுதான், அதுவும் நான் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சுட்டது.

7 மில்லிமீட்டர் குண்டுக்கு இந்தத் திறமை புதிதில்லை. 1890-களிலேயே வந்துவிட்ட 7x57 மவுசரும் இதே தடிப்புதான். இங்கிலாந்தில் அதற்கு .275 ரிக்பி என்று பெயர். ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியைக் கொன்ற பிறகு 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கி அந்தத் தோட்டாவுக்கானதுதான். 7எம்எம்-08 ஏறக்குறைய அதே வேலையைக் குட்டையான உறையில் செய்கிறது. முழுத் தோட்டாவின் நீளம் 71 மில்லிமீட்டர், .30-06 கிட்டத்தட்ட 85. அதனால் அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் தூரம் குறைகிறது, துப்பாக்கியும் கொஞ்சம் சின்னதாகிறது. செடி கொடிக்குள் நுழைந்து போகும்போது அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

ஸ்கோப்பை 180 மீட்டருக்கு ஜீரோ செய்து வைத்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும். 90 மீட்டரில் நாலைந்து சென்டிமீட்டர் மேலே படும், 230 மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் சுமாருக்குக் கீழே. மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலைப் பகுதி 20 சென்டிமீட்டருக்குக் குறையாத வட்டம். ஆகவே சுமார் 230 மீட்டர் வரைக்கும் எந்தக் கணக்கும் போடாமல் நேராக நடுவில் குறி வைக்கிறேன். அதற்கு மேல் நான் சுடுவதில்லை. தோட்டாவால் முடியும், ஆனால் அந்தத் தூரத்தில் மான் ஒரு அடி எடுத்து வைத்தாலே குறி வயிற்றுக்குப் போய்விடும். அந்த ஆறு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதைவிட அதில் இருக்கும் குண்டைத் தேர்ந்தெடுக்கத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. முதலில் சாதாரண ஈயக் குண்டு, மேலே செம்புத் தகடு போர்த்தியது. நல்லது, விலையும் குறைவு. ஆனால் 40 மீட்டருக்குள் தோள் எலும்பில் பட்டால் சிதறிவிடும். ஒரு தடவை முன்சப்பை முழுவதும் ரத்தம் கட்டி, இறைச்சியில் நாலு கிலோவுக்கு மேல் வெட்டி எறிய வேண்டியிருந்தது. பிறகு ஈயத்தையும் தகட்டையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டுக்கு மாறினேன். மறுபக்கத் தோலுக்கடியில் ஒன்று கிடைத்தது. காளான் மாதிரி அழகாக விரிந்து, எடை பெரிதாகக் குறையாமல் இருந்தது. அதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கடந்த ஆறு பருவமாக முழுக்கச் செம்பினால் ஆன குண்டு. காரணம் வீட்டில் குழந்தைகள் இந்த இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள். ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் இறைச்சிக்குள் போகின்றன, எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொடி போலத் தெரியும். விட்டுப்போன குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது விஷம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம், ஆகவே 140-க்குப் பதில் 120 கிரெய்ன் எடுத்துக்கொண்டேன். இது விரிய வேகம் வேண்டும், அதனால் லேசான குண்டு வேகமாகப் போவது நல்லதுதான். ஒரே விஷயம், ஈயத்திலிருந்து மாறும்போது குழலை நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்கோப்பைத் திரும்ப ஜீரோ செய்யுங்கள். நான் செய்யாமல் முதல் நாள் பத்து சென்டிமீட்டர் தள்ளிச் சுட்டேன், நல்லவேளை அது காகித இலக்கு.

குறைகளும் உண்டு. கடையில் .308-க்குப் பத்து வகை இருந்தால் இதற்கு மூன்று வகைதான் இருக்கும். 2020, 2021 தட்டுப்பாட்டில் ஏழெட்டு மாதம் ஒரு பெட்டிகூடக் கண்ணில் படவில்லை. கையிருப்பில் இருந்ததை எண்ணி எண்ணிச் சுட்டேன். அதிலிருந்து எப்போதும் ஐந்து பெட்டி ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, .308, .243, 7எம்எம்-08 மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் உறைகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கான துப்பாக்கியில் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் ஆபத்து. வீட்டில் இரண்டு வகை இருந்தால் உறையின் அடியில் பொறித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் மேகசினில் ஏற்ற வேண்டும்.

6.5 கிரீட்மோர் என்ற தோட்டா பற்றிக் கேட்பார்கள். 2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது, உதை இதைவிடவும் குறைவு, தோட்டா எங்கேயும் கிடைக்கும். இன்று புதிதாக வாங்குகிறவர் அதை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். 250 மீட்டருக்குள் மானுக்கு இரண்டும் ஒன்றுதான். .270 வின்செஸ்டரும் அப்படியே. 1925-லிருந்து மான் விழுத்திக்கொண்டிருக்கிற தோட்டாவை யார் குறை சொல்வது? நீளமான துப்பாக்கியும் கொஞ்சம் கூடுதல் உதையும் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் போதும். வாங்கும் முன் உங்கள் பகுதிச் சட்டத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் பெரிய வகை மான்களுக்குக் காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சில இடங்களில் கழுத்து சுருக்கிய தோட்டாவையே மான் வேட்டைக்கு அனுமதிப்பதில்லை.

வருடத்துக்கு 150 தோட்டாவாவது சுடுகிறேன். கோடையில் வாரம் 10, 15. உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து என்று காட்டில் எப்படிச் சுடுவேனோ அப்படி. மேசையில் வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிபார்க்க மட்டும். இந்தக் குழலில் இதுவரை 2,400 தோட்டா போயிருக்கும். 100 மீட்டரில் மூன்று குண்டும் இன்னும் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. நடுவில் எங்காவது ஒரு டம்மியைப் போட்டுத் தரச் சொல்லி அண்ணனிடம் இன்னும் கேட்கிறேன். குழல் முனை அசைவதில்லை.

கடைசிக் குறிப்பு போன பருவத்துடையது: 128 மீட்டர், பக்கவாட்டு, இரண்டு நுரையீரல், ஓடியது 30 மீட்டர். இந்த வருடம் மகள் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் தோளுக்கு என் துப்பாக்கியின் கட்டை கொஞ்சம் நீளம். இரண்டு சென்டிமீட்டர் குறைக்கக் கொடுத்திருக்கிறேன்.