வெறுங்கால் நடைக்குத் துணையாக விரல் காலணி: நான்கு ஆண்டு அனுபவம்

செருப்பில்லாமல் நடப்பது எனக்கு 11 ஆண்டுப் பழக்கம். திருச்செந்தூருக்கு மாலை போட்டு, பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாக நடந்துபோன ஆண்டில், விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் செருப்பை மாட்ட மனம் வரவில்லை. உள்ளங்கால் வழியாகத் தரையை அறிந்துகொண்டு நடப்பதில் இருந்த நிதானம் பிடித்துப்போயிற்று. ஆனால் நான் செய்வது நில அளவைத் தொழில். வாரத்தில் நான்கு நாளாவது வயல் வரப்பிலும் வாழைத் தோட்டத்திலும், சில சமயம் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியிலும் எல்லைக்கல் தேடி அலைய வேண்டியிருக்கும். கத்திரி வெயிலில் தார்ச்சாலையைக் கடக்கும்போதும், சீமைக்கருவேலம் மண்டிய தரிசுக்குள் இறங்கும்போதும் கால் தயங்கும். அந்த நேரங்களுக்கென்று பையில் ஒரு மாற்று வேண்டும் என்றுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் விரல் காலணி வாங்கினேன்.

ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை கொண்ட இந்த வகைக் காலணியை உலகுக்குப் பரவலாக அறிமுகம் செய்தது இத்தாலியின் விப்ரம் நிறுவனம். மலையேறுவோரின் பூட்ஸுக்கு ரப்பர் அடிப்பகுதி செய்து பெயர் பெற்ற அந்த நிறுவனம், ராபர்ட் ஃப்ளிரி என்ற வடிவமைப்பாளரின் யோசனையை ஏற்று, 2000-களின் நடுப்பகுதியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை அணிந்தால் பாதத் தசைகள் வலுப்பெறும், காயங்கள் குறையும் என்று செய்த விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2014-இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது என்று கருதுகிறேன். காலை வலுவாக்கும் மருந்தாக இதை நினைத்து வாங்க வேண்டாம். என்னுடைய இரண்டு ஜோடிகளும் அந்த நிறுவனத்தினுடையவை அல்ல. இணையத்தில் வாங்கிய வேறொரு தயாரிப்பு. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு இது போதும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் அளவைக் கருவியை முக்காலியில் நிறுத்தி ஒரே இடத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நடந்துகொண்டிருக்கும் வெறுங்கால் தாங்கும் சூட்டை, அசையாமல் நிற்கும் வெறுங்கால் தாங்குவதில்லை. அப்போது இந்த மெல்லிய ரப்பர் காப்பாற்றுகிறது. விரல்கள் ஒன்றோடொன்று நெருக்குண்ணாமல் விரிந்தே இருப்பதால், வெறுங்காலுக்குப் பழகியவர்களுக்குச் சாதாரண ஷூ தருகிற மூச்சுமுட்டல் இதில் கிடையாது. வழுக்கும் வரப்பில் கட்டைவிரலைத் தனியே ஊன்றி நிற்க முடிவதும் பெரிய வசதி. மோட்டார் சைக்கிளில் மட்டும் சிரமம் உண்டு; கியரைத் தூக்கும் கட்டைவிரலின் மேல்பகுதியில் வெறும் துணிதான் இருப்பதால், அரை மணி நேர ஓட்டத்திலேயே விரல் வலிக்கத் தொடங்கிவிடும்.

முள்ளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முள்ளுக்குப் பயந்துதான் வாங்குவார்கள். நெருஞ்சிக்கு இந்த அடிப்பகுதி தாக்குப்பிடிக்கும். உடை முள்ளுக்குத் தாங்காது. தேரிக்காட்டு ஓரத்தில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரத்தின் வெள்ளை முள், விரல் நீளத்துக்கு நேராக வளர்வது, ரப்பரை ஊசிபோல் ஊடுருவிவிடும். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. வெறுங்காலில் நடக்கும்போது முள்ளின் நுனி தொட்ட கணத்திலேயே, உடலின் எடை அந்தக் காலுக்கு மாறுவதற்கு முன்பே, கால் தானாகப் பின்வாங்கும். விரல் காலணியில் அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறது. முள் ரப்பரில் குத்தி நேராக நிற்க, நாம் முழு எடையையும் அதன்மேல் வைத்துவிடுகிறோம். வெறுங்காலில் எனக்கு ஏறிய முட்களைவிட, காலணி வழியாக ஏறியவை ஆழமாகவே ஏறின. பிடுங்கி எறிந்த பிறகும் ஒடிந்த நுனி ரப்பருக்குள் ஒளிந்திருந்து, இரண்டு நாள் கழித்து வேறெங்கோ நடக்கும்போது குத்தும். எனவே மாலையில் வீட்டுக்கு வந்ததும் காலணிக்குள் கைவிட்டு ஒவ்வொரு விரல் உறையாகத் தடவிப் பார்ப்பதையும், நகவெட்டியால் நுனிகளைப் பிடுங்குவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். தேரி மணல் இன்னொரு தொல்லை: வலைத்துணி வழியே நுழைந்து ஐந்து உறைகளிலும் நிறைந்துகொள்ளும்.

மாற்றுக் காலணி என்பது அவசரத்துக்கு உதவ வேண்டியது. இதன் பெரிய குறையே அங்கேதான் இருக்கிறது. இதை அணிய நேரம் பிடிக்கும். கால் உலர்ந்திருந்தால், குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்களை விரித்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நுழைத்தால் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும். ஈரமாக இருந்தாலோ சுண்டுவிரல் உறைக்குள் போகாமல் கீழே மடங்கிக்கொள்ளும்; கையால் பிடித்து இழுத்துத்தான் நுழைக்க வேண்டும். குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்தெழுந்து அவசரமாகப் புறப்பட்ட ஒரு காலையில், இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் போராடியிருக்கிறேன். ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று ஓர் ஆலை வாசலில் நிறுத்தப்பட்டபோதும் இதே நிலைதான். ஆகவே தேவை வருவதற்கு முன்பே யோசித்து மாட்டிக்கொள்ள முடிகிற வேலைக்குத்தான் இது பொருந்தும். சட்டென்று மாட்டிக் கழற்ற ஒரு சாதாரண ரப்பர் செருப்பே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில் தாமிரபரணி கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. வடிந்த பிறகு உறவினர் வீட்டில் சேறு அள்ளப் போனபோது, கண்ணாடித் துண்டு கிடக்குமே என்று இதைத்தான் அணிந்துபோனேன். துணி வழியே சேறு உள்ளே இறங்கி, நாள் முழுவதும் விரல் இடுக்குகளில் ஊறிக்கிடந்து, இரண்டு வாரம் சேற்றுப்புண்ணில் அவதிப்பட்டேன். புண் உள்ள தோல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி நுழையும் என்பது தெரிந்தும் அன்று அதை நினைக்கவில்லை. அத்தகைய நீரில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது. அதேபோல், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெறுங்கால் நடையும் வேண்டாம், இந்தக் காலணியும் வேண்டாம். மருத்துவர்கள் பரிந்துரைக்கும், மெத்தென்ற நுண்ணறை ரப்பர் பதித்த எம்.சி.ஆர். செருப்பே அவர்களுக்கு உரியது.

பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பழகிவிட்டேன். ஒருவர் சொன்னது மட்டும் மனத்தில் நிற்கிறது. ஒரு கிராமத்தில் அளவைச் சங்கிலி பிடிக்க உதவிக்கு வந்த பெரியவர், நான் காலணியைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏல தம்பி, நாங்க செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்த தெரு இது. நீ தோணுனா மாட்டுத, தோணலன்னா கழட்டுத" என்றார். சாதியின் பெயரால் செருப்பணிய விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு வெறுங்கால் என்பது வேறு பொருள் கொண்டது. அன்று முதல், வெறுங்காலே சிறந்தது என்று யாரிடமும் நான் பரிந்துரைப்பதில்லை. கேட்பவர்களுக்கு என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

உழைப்பைப் பொறுத்தவரை, முதல் ஜோடியில் 14-ஆவது மாதத்திலேயே நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையிலான தையல் பிரிந்தது. ஜங்ஷன் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி ஒருவர், அவ்வளவு குறுகிய இடுக்கில் ஊசி போகாது என்று முதலில் மறுத்தார். பிறகு உறையை உட்புறம் வெளியாகத் திருப்பிப்போட்டு, மெழுகு ஏற்றிய நூலால் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். இரண்டாவது ஜோடியை வாங்கிய அன்றே அவரிடம் கொடுத்து, எல்லா இடுக்குகளையும் அப்படியே தைத்து வாங்கிக்கொண்டேன். இரண்டரை ஆண்டாகிறது, கட்டைவிரலுக்குக் கீழே ரப்பர் தேய்ந்து துணி தெரியத் தொடங்கிவிட்டது. அவர் போட்ட தையல் இன்னும் ஒன்றுகூடப் பிரியவில்லை.