குமார பர்வதம் ட்ரெக்: 14,400 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீங்க

சனிக்கிழமை நடந்தது. இன்னும் கோபம் அடங்கலை. எழுத்து முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. என்னென்ன பார்த்துப் பணம் கட்டணும்னு கடைசியில சொல்றேன்.

குக்கே சுப்ரமண்யா பக்கத்துல இருக்கிற குமார பர்வதம் ஏறணும்னு தம்பிக்கு ரொம்ப நாள் ஆசை. 1712 மீட்டர், ஒரே நாள்ல ஏறி இறங்கறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதுக்காக ரெண்டு மாசமா லிஃப்டைத் தொடாம எங்க அபார்ட்மென்ட்ல பன்னெண்டு மாடியும் ஏறி இறங்கிட்டு இருந்தான். 2024 ஜனவரியில குடியரசு தின லீவுக்கு அங்க கூட்டம் ஆயிரக்கணக்குல குவிஞ்ச பிறகு, கர்நாடக வனத்துறை ஆன்லைன் டிக்கெட் கொண்டு வந்தாங்க. ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் தான். நாங்க பார்த்தப்ப சனி, ஞாயிறு ரெண்டுமே ஃபுல்.

அப்பத்தான் இன்ஸ்டாகிராம்ல வீக்கெண்ட் ட்ரெக் கூட்டிட்டுப் போற ஒரு குரூப் கண்ணுல பட்டுச்சு. பெங்களூர்ல இருந்து வேன், சாப்பாடு, கைடு, பெர்மிட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,600. நாலு பேருக்கு 14,400. "எல்லாம் ஃபுல்னு காட்டுதே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?"ன்னு கேட்டேன். "நாங்க முன்னாடியே போட்டு வெச்சிருவோம்க்கா. இந்த பேட்ச்ல என் தங்கச்சியும் வர்றா, தைரியமா வாங்க"ன்னான். அந்தத் தங்கச்சிங்கிற வார்த்தையில விழுந்தேன். போனை வெச்ச கையோட ஜிபே பண்ணிட்டேன், அதுவும் யாரோ ஒரு தனி ஆள் பேர்ல இருந்த நம்பருக்கு. சாயங்காலமே வனத்துறை முத்திரையோட பிடிஎஃப் வந்துச்சு. எங்க நாலு பேர் பேரும் அதுல இருந்துச்சு.

வேன்ல தங்கச்சின்னு யாருமே இல்லை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

காட்டுக்குள்ள ரெண்டரை மணி நேரம் ஏறி, வழியில இருக்கிற பட்டர் மனைங்கிற வீட்டைத் தாண்டி கிரிகத்தே செக்போஸ்ட்டுக்குப் போனோம். எதிர்ல புல்வெளி, அதுக்கு மேல சேஷ பர்வதம் பளிச்சுன்னு தெரியுது. ஃபாரஸ்ட் கார்டு என் போனை வாங்கி ரெண்டு விரலால பெருசு பண்ணிக் காட்டினார். எங்க பேர் மட்டும் மத்த எழுத்தை விடத் தடிமனா இருக்கு. தேதி ஒரு நூல் அளவு கீழ இறங்கி நிக்குது. அந்த புக்கிங் நம்பர் அன்னைக்கு லிஸ்ட்லயே இல்லைன்னு கன்னடத்துல பொறுமையாத்தான் சொன்னார். அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. தம்பி ஒரு வார்த்தை பேசலை. பையைக் கழட்டி வெச்சுட்டு அந்த மலையையே பார்த்துட்டு நின்னான்.

கூட வந்த கைடுக்கு இருபது வயசு கூட இருக்காது, "எனக்கு எதுவும் தெரியாதுக்கா"ன்னு அழற மாதிரி நிக்கிறான். பணம் வாங்கினவனுக்குப் போன் போட்டா முதல்ல நெட்வொர்க் இல்லையாம், அப்புறம் டிபார்ட்மென்ட் சர்வர்ல பிரச்சினையாம். ராத்திரி வேற ஒரு குரல்: "பெர்மிட் மறுத்தா ரீஃபண்ட் கிடையாது மேடம், கண்டிஷன்ல இருக்கு. வேணும்னா அடுத்த ட்ரெக்குக்கு வவுச்சர் தர்றோம்." வவுச்சரை வெச்சு நான் என்ன பண்றது? போலி டிக்கெட் குடுத்தது நீங்க, 14,400 ரூபாயைத் திருப்பிக் குடுங்கன்னேன். லைனைக் கட் பண்ணிட்டாங்க. ஞாயிறு காலையில வாட்ஸ்அப்ல பிளாக். அவங்க பக்கத்துல போட்ட கமென்ட்டும் பத்தே நிமிஷத்துல காணோம்.

டிக்கெட்டை வனத்துறையோட அரண்ய விஹாரா தளத்துல நீங்களே, உங்க லாகின்ல போடுங்க. அங்க ஃபுல்னா ஃபுல் தான், வேற தேதி பாருங்க. தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பாதீங்க. ஏமாந்துட்டீங்கன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்குப் போன் பண்ணுங்க. நான் பேசித் தீர்த்துக்கலாம்னு ஒரு நாள் காத்திருந்தது பெரிய தப்பு.

இப்போ பார்க்கிறேன், அதே பக்கத்துல வர்ற சனிக்கிழமைக்கு "கடைசி 6 சீட்"னு போட்டிருக்காங்க. பெங்களூர்ல இருக்கிற உங்க பசங்களுக்கு தயவுசெஞ்சு இதை இன்னைக்கே அனுப்புங்க.