5 அங்குலமா, 7¼ அங்குலமா? ஏறி ஓட்டும் குட்டி ரயிலுக்கு எந்த அகலம்

இங்கிலாந்தில் சொந்தமாக நீராவி எஞ்சின் கட்ட இறங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். கட்டி முடித்த பிறகு தண்டவாள அகலத்தை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை, மாற்றுவது பெரும்பாடு. அதனால் நிதானமாக யோசியுங்கள்.

அளவு: 5 அங்குலம் என்றால் எஞ்சின் அசல் ரயிலில் ஏறத்தாழ 11-இல் ஒரு பங்கு. 7¼ என்றால் 8-இல் ஒரு பங்கு.

எடை: சின்ன 5 அங்குல எஞ்சினை இரண்டு பேர் தூக்கிக் காரில் வைத்துவிடலாம். 7¼-க்கு டிரெய்லரும் வின்ச்சும் (கம்பியால் இழுத்து ஏற்றும் கருவி) வேண்டும்.

பட்டறை: முன்னதற்கு வீட்டு ஷெட்டில் உள்ள சிறிய லேத் பெரும்பாலும் போதும். பின்னதன் சக்கரங்களைக் கடையப் பெரிய லேத் தேவை. செலவும் கூடவே ஏறும்.

பாய்லர்: 5-இல் பெரும்பாலும் செம்பு, 7¼-இல் எஃகும் சகஜம். எதுவானாலும் புது பாய்லரை வேலை அழுத்தத்தை (ஓடும்போது உள்ளே அனுமதிக்கும் உச்ச நீராவி அழுத்தம்) போல இரு மடங்கு நீரழுத்தத்தில் சோதித்தாக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

ஓட்டம்: 5 அங்குலப் பாதை பெரும்பாலும் தரையிலிருந்து உயர்த்தியே இருக்கும், இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். 7¼ தரையிலேயே ஓடும். சர்ரேயில் உள்ள கிரேட் காக்குரோ ரயில்வே போல, கைகாட்டி சிக்னல்களுடன் நிஜ ரயில் பாதையாகவே அமைக்கலாம். அந்த அனுபவத்துக்கு ஈடே இல்லை.

தனியாக, வீட்டிலேயே கட்டப்போகிறீர்களா? 5 எடுங்கள். நிலமும், கைகொடுக்க நண்பர்களும், நிறையப் பயணிகளை இழுக்கும் ஆசையும் இருந்தால் 7¼. அப்புறம், அருகிலுள்ள குட்டி ரயில் கிளப்பின் பாதை எந்த அகலம் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.